வாயு என்று நினைத்து 11 மாதம் தள்ளிப்போட்டேன்: என் பித்தப்பைக் கல் அனுபவம்

முதல் வலி வந்தது இரவு 1 மணி 10 நிமிடத்துக்கு. எழுந்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் அப்படியே நினைவில் இருக்கிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. விட்டு விட்டு வரவில்லை. மெல்ல ஏறி, ஓர் உச்சத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்கு அடியில் பரவி, முதுகில் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. குப்புறப் படுத்தேன், நடந்தேன், குந்தி உட்கார்ந்தேன், எதற்கும் அசையவில்லை. உடம்பெல்லாம் வியர்த்தது. வாந்தி எடுத்தும் வலி விடவில்லை. நான் தனியாக இருப்பவள். மாரடைப்பாக இருந்தால் கதவைத் திறந்துவிடக்கூட ஆள் இல்லையே என்ற பயத்தில் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வாசற்படி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு ஓர் அசிடிட்டி மாத்திரை போட்டேன். நாலு மணிக்கு வலி போய்விட்டது, வந்த சுவடே இல்லாமல். காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினேன்.

அந்த மாத்திரைதான் என்னை 11 மாதம் ஏமாற்றியது. மாத்திரை போட்டேன், வலி போனது, ஆகவே அது வாயு என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் நடந்தது வேறு. பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து, கெட்டியாக்கி வைத்திருக்கும். கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கி அந்த நீரைப் பீய்ச்சும். உள்ளே கல் இருந்தால், பை சுருங்கும்போது அது வாய்ப்பகுதியில் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எதிர்த்துப் பை இறுகிக்கொண்டே இருப்பதுதான் அந்த வலி. சில மணி நேரத்தில் பை தளரும், கல் பின்னுக்குச் சரியும், வலி தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் நாம் கடைசியாக என்ன செய்தோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். எனக்கு மாத்திரை. இன்னொருவருக்கு வெந்நீர், வேறொருவருக்கு முதுகில் தேய்த்த தைலம்.

அடுத்த எட்டு மாதத்தில் இதே வலி ஆறு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் ராத்திரியில், கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. இடைப்பட்ட நாட்களில் எனக்கு ஒன்றுமே இருக்காது, அதுதான் இந்த நோயின் பெரிய சூழ்ச்சி. நடுவில் ஒரு மருத்துவரிடம் போனேன். "வயிற்றெரிச்சல், கேஸ்" என்று நானே ஆரம்பித்ததால் அவரும் அந்த வழியிலேயே போய் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை எழுதினார். ஒரு மாதம் கழித்தும் வலி வரவே, எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் லேசான சிவப்பு இருந்தது. ஆஹா, காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. தொண்டை வழியாகப் போகும் அந்தக் குழாய் இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும்தான் பார்க்கும், பித்தப்பை அதன் கண்ணில் படவே படாது என்று அன்று எனக்குத் தெரியாது. இரைப்பையில் இப்படி லேசான அழற்சி எத்தனையோ பேருக்கு இருக்கும். அது இருக்கிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், வலியைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தொடங்கியது, எங்கே பரவியது, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், வலியோடு புரண்டீர்களா அசையாமல் கிடந்தீர்களா என்று சொல்லுங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வைத்திருந்தேன், ஆனால் அதை யாரிடமும் காட்டவில்லை. ஏழாவது முறை போன இடத்தில் ஒரு இளம் பெண் மருத்துவர் அதை வாங்கிப் பார்த்தார். "எல்லாமே அரை மணிக்கு மேல, அஞ்சு மணி நேரத்துக்குள்ள. எல்லாமே ராத்திரி. முதுகுல வலது பக்கம் பிடிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலில் ஈ.சி.ஜி. எடுத்து இதயத்தில் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மேல்வயிற்று வலியாகத் தெரிவது சில சமயம் இதயத்திலிருந்தும் வரும் என்பதால் இதைத் தாண்டிப் போகவே கூடாது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்.

ஸ்கேன் என்றால் வயிற்றின் மேல் பசையைத் தடவிப் பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட்தான். பித்தப்பைக் கல்லைப் பிடிக்க அதுவே முதல் பரிசோதனை. எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது தெரியாது. விலை கூடிய சி.டி. ஸ்கேனே எடுத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, கொழுப்புக் கற்கள் பல நேரம் சி.டி.யில் தெரியாமலே போகும் என்றார். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பித்தப்பைக்குள் நிறையக் கற்கள், பெரியது 6 மில்லிமீட்டர். எட்டு மாதமாக நான் கேட்காமல் விட்ட பரிசோதனை இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அழுதேன். பயத்தில் இல்லை. அத்தனை ராத்திரி வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நினைத்து.

எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. முதல் வலிக்கு முந்தைய நான்கு மாதத்தில் 26 கிலோ குறைத்திருந்தேன். அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சாப்பாட்டில் கொழுப்பை அறவே நிறுத்தி, ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். உடம்பு வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீருக்குள் அதிகக் கொலஸ்ட்ராலைத் தள்ளும். அதே நேரம் கொழுப்பு சாப்பிடாததால் பை சுருங்க வேலையே இல்லாமல் நீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் கொலஸ்ட்ரால் படிகமாகி, படிகம் கல்லாகும். பெண்கள், கர்ப்பம் தரித்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தால் கருப்பு நிறமிக் கற்கள் வரும், அது வேறு வகை. எடை குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெதுவாகக் குறையுங்கள், சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு இருக்கட்டும். வேகமாகக் குறைத்தே ஆக வேண்டிய நிலை என்றால், கல் வராமல் தடுக்க மாத்திரை தேவையா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி ஒரு மாத்திரை இருக்கிறது.

அறுவை சிகிச்சை செய்து பையை எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். இங்கேதான் நான் இரண்டாவது முறை தவறினேன். 6 மில்லிமீட்டர் என்றதும், சின்னக் கல்தானே, கரைத்துவிடலாம் என்று தோன்றியது. சின்னக் கல் என்றால் ஆபத்து குறைவு என்பது முழுத் தவறு. பெரிய கல் பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கும். சின்னக் கல்தான் குறுகிய குழாய் வழியாக நழுவி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பொது நாளத்தில் இறங்கும். அந்த நாளம் குடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கணையத்தின் குழாயும் வந்து சேர்கிறது. அங்கே ஒரு கல் நின்றால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி இரண்டும் வரலாம்.

மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் சாறுகளையெல்லாம் குடித்தேன். சிறுநீரகம் வேறு, பித்தப்பை வேறு, இரண்டு கல்லும் வேறு வேறு பொருள், வேறு வேறு பாதை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. கரைக்கும் மாத்திரையைப் பற்றி விசாரித்தேன். அது சுண்ணாம்பு ஏறாத, சின்ன, கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும், பை நன்றாக இயங்குபவர்களுக்கு மட்டும் வேலை செய்யும். மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம்வரை சாப்பிட வேண்டும். கரைந்தாலும், நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வரும். அடிக்கடி வலி வந்துகொண்டிருந்த எனக்கு அது பொருந்தாது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார்.

பிறகு ஒரு வீடியோவை நம்பி, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் எப்சம் உப்பும் கலந்து ராத்திரி குடித்தேன். காலையில் பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாக வெளியே வந்தன. மிதந்தன. எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேல். கல் போய்விட்டது என்று அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் ஸ்கேனில் பழைய கற்கள் அப்படியே இருந்தன. குடித்த எண்ணெய்தான் குடலுக்குள் சோப்புக் கட்டியாக மாறி வெளியே வந்திருக்கிறது. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இப்படி வந்த உருண்டைகளைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் கொலஸ்ட்ராலோ பித்த நிறமியோ சுண்ணாம்போ இல்லை, பெரும்பகுதி கொழுப்பு அமிலம். இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், கண்ணால் பார்த்ததை யாராலும் மறுக்க முடியாது என்று நான் நம்பியதால்தான் மேலும் நாட்கள் போயின. அத்தனை எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பை வேகமாகச் சுருங்கி, கல் நழுவிப் போய் அடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

பதினோராவது மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தொடங்கிய வலி நிற்கவே இல்லை. ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் ஆனது. இந்த முறை நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போனது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் துளி ஆறுதல். விடியற்காலை கழிவறைக்குப் போனபோது சிறுநீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருந்தது. உடம்பெங்கும் அரிப்பு. கண்ணாடிக்கு முன்னால் போய் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். வெண்விழி மஞ்சளாக இருந்தது. டியூப் லைட் வெளிச்சமோ என்று ஜன்னலருகே போய் இன்னொரு முறை பார்த்தேன். அங்கே இன்னும் மஞ்சள். பிறகு குளிர் நடுக்கம் வந்தது. தனியாக ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனேன். கைப்பை எடுக்கவில்லை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எடுக்கவில்லை, போனில் சார்ஜ் இல்லை. உங்களுக்குக் கல் இருப்பது தெரிந்திருந்தால் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து போனிலும், நம்பகமான இன்னொருவரிடமும் வைத்துவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் என்ற பித்த நிறமி ஏறியிருந்தது, லைபேஸ் என்ற கணைய நொதி பல மடங்கு கூடியிருந்தது. நாளத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டு கற்கள் தெரிந்தன. அடுத்தது ஈ.ஆர்.சி.பி. மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்கி, நாளம் குடலில் திறக்கும் இடத்தைச் சிறிதாக வெட்டிக் கற்களை எடுப்பார்கள். வெளியே வெட்டுக்காயம் இருக்காது. ஆனால் அதுவும் லேசான காரியம் இல்லை, அதனாலேயே கணைய அழற்சி வருபவர்கள் உண்டு. கற்களை எடுத்துவிட்டு, நாளம் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்தார்கள். கணையம் அமைதியான பிறகு, ஆறாவது நாள், அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்தார்கள். லேசான கணைய அழற்சி என்றால், வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வரச் சொல்வதைவிட அப்போதே எடுப்பதுதான் நல்லது, இடைவெளியில் இன்னொரு கல் நழுவக்கூடும் என்று விளக்கினார்கள். "கல்லை மட்டும் எடுத்துட்டு பையை விட்டுட முடியாதா?" என்று நான் அப்போதும் கேட்டேன். பை இருந்தால் மறுபடி கல் கட்டும் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். 1882இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்த லாங்கன்பூக் என்ற மருத்துவரும் இதையேதான் வாதிட்டாராம்: பையில் கல் இருக்கிறது என்பதற்காக இல்லை, பைதான் கல்லை உண்டாக்குகிறது என்பதற்காக அதை எடுக்க வேண்டும் என்று.

மொத்தம் 11 நாள் மருத்துவமனையில். வலி வரத் தொடங்கியபோதே திட்டமிட்டுச் செய்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்திருப்பேன், ஒரே ஒரு சிகிச்சையோடு. எனக்கு ஆன செலவு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். சேமிப்பில் பாதி போயிற்று. சம்பளமில்லாத விடுப்பு ஒன்றரை மாதம். காசை விட அந்த நாட்களின் பயம்தான் இன்னும் என்னோடு இருக்கிறது.

அறுவை சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம். லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் நான்கு சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கார்பன் டைஆக்சைடு வாயுவை நிரப்பி, கேமரா வழியாகப் பார்த்துச் செய்கிறார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் ம்யூஹே தொடங்கிவைத்த முறை. இன்று உலகம் முழுக்க இதுதான் வழக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, திறந்த அறுவைக்கு மாற வேண்டி வந்தால் எப்போது மாறுவீர்கள்? அழற்சி அதிகமாகி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் மாறுவது தோல்வி இல்லை, அதுவே பாதுகாப்பு. இரண்டு, பித்த நாளத்தில் காயம் படாமல் எப்படி உறுதி செய்கிறீர்கள்? இது அரிதுதான், ஆயிரத்தில் சிலருக்கே நேர்வது, ஆனால் நேர்ந்தால் பெரிய பிரச்சினை. நல்ல நிபுணர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கண் விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்தான் அதிகமாக வலித்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நடுங்கிப்போனேன். "அக்கா, பயப்படாதீங்க, உள்ள விட்ட கேஸ்தான் அது. நடந்தா போயிடும்" என்று சொல்லி ராத்திரிப் பணியில் இருந்த சிஸ்டர் கையைப் பிடித்து வராந்தாவில் நடக்க வைத்தார். மூன்றாம் நாள் அந்த வலி போய்விட்டது. அவரே ஒரு சின்ன டப்பாவில் என் கற்களையும் காட்டினார். மங்கிய மஞ்சள், பட்டை பட்டையாக முகங்கள், ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகி இருந்தன. முப்பத்தொன்று. கையில் கொட்டினால் எடையே தெரியவில்லை.

பை இல்லாமல் எப்படிச் செரிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை வெறும் சேமிப்பு இடம். இப்போது நீர் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஐந்து வாரம்வரை சாப்பிட்ட உடனே வயிறு இளகிப் போனது. கொழுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டதில் சரியாயிற்று. சிலருக்கு அது நீடிக்கும், அதற்கு மருந்து இருக்கிறது, சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த பையை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த முடிவு எப்போது வரும் என்பது ஒன்று. ஸ்டென்ட் வைத்திருந்தால் அதை எடுக்க வேண்டிய தேதி இன்னொன்று. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே விட்டால் அடைத்துக்கொண்டு கடுமையான தொற்று வரலாம். வலி இல்லாததால் மறந்துபோவது மிகச் சுலபம். எனக்கு டிஸ்சார்ஜ் காகிதத்தின் மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. தற்செயலாகத்தான் படித்தேன்.

போன மாதம் என் அக்காவுக்கு வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் ஒற்றைக் கல் தெரிந்தது, 14 மில்லிமீட்டர். என்னைப் பார்த்த பயத்தில், "நானும் உடனே எடுத்துடட்டுமாடி?" என்று போனில் அழுதாள். "எப்பவாவது வலி வந்துச்சாக்கா?" என்று கேட்டேன். ஒரு முறைகூட இல்லை என்றாள். கல் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் கிடக்கும். வலி வரத் தொடங்குவது வருடத்துக்கு நூறில் ஒன்று முதல் நான்கு பேருக்குத்தான். 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, கல்லோடு கூடவே பைக்குள் பெரிய சதைக் கட்டி இருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவளுடைய மருத்துவரும் எடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஆனால் நான் விடவில்லை. மஞ்சள் கண், குளிரோடு காய்ச்சல், ஐந்து மணி நேரம் தாண்டியும் நிற்காத மேல்வயிற்று வலி, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்று எழுத வைத்தேன். அந்தக் காகிதம் இப்போது அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டின் படம் என் போனில் இருக்கிறது.